மர வரைபடம் போட்டு நிகழ்தகவுக் கணக்குகளைத் தீர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நிகழ்தகவில் மதிப்பெண் போகிற விடைத்தாள்களைப் பார்த்தால், பெருக்கலும் கூட்டலும் அநேகமாகச் சரியாகவே இருக்கும். எதை எதோடு பெருக்குவது, எதை எதோடு கூட்டுவது என்பதில்தான் குழப்பம் இருக்கும். ஒவ்வொரு படியிலும் நடக்கக்கூடியவற்றைக் கிளைகளாகப் பிரித்துக் காட்டும் மர வரைபடம் அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும், வேலையைச் சரியான வரிசையில் செய்தால். பலர் படத்தையும் பின்னங்களையும் விடையையும் ஒரே மூச்சில் போடப் பார்ப்பதால்தான் சிக்கிக்கொள்கிறார்கள். இங்கே ஒவ்வொன்றாகப் போவோம். முதல் பாதி முழுவதும் ஒரே கணக்குதான்:

ஒரு பையில் 5 சிவப்புப் பந்துகளும் 3 நீலப் பந்துகளும் உள்ளன. இரண்டு பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக, திரும்ப வைக்கப்படாமல் எடுக்கப்படுகின்றன. நிறத்துக்கு ஒன்றாகக் கிடைப்பதற்கான நிகழ்தகவு என்ன?

1. முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை

பின்னங்களைப் பெருக்கவும், பகுதி ஒரே எண்ணாக இருக்கும் பின்னங்களைக் கூட்டவும் தெரிய வேண்டும். சாதகமான விளைவுகளின் எண்ணிக்கையை மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் நிகழ்தகவு வரும் என்பதும், ஒரு நிகழ்ச்சியின் நிகழ்தகவும் அதன் நிரப்பு நிகழ்ச்சியின் (அது நடக்காமல் போவதன்) நிகழ்தகவும் சேர்ந்தால் 1 என்பதும் தெரிய வேண்டும். அவ்வளவு போதும், சூத்திரம் எதுவும் மனப்பாடமாக இருக்க வேண்டியதில்லை.

2. கணக்கைப் படிநிலைகளாகப் பிரியுங்கள்

படம் போடுவதற்கு முன், கணக்கில் என்னென்ன எந்த வரிசையில் நடக்கிறது என்று ஒரு வரியில் எழுதுங்கள். நம் கணக்குக்கு: முதல் எடுப்பு, இரண்டாம் எடுப்பு. இரண்டு படிநிலை என்றால் மரத்தில் இரண்டு அடுக்கு.

இதை எழுதாமல் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. 'ஒரு பகடையை உருட்டி, 1 அல்லது 2 விழுந்தால் முதல் பையிலிருந்தும் மற்றபடி இரண்டாம் பையிலிருந்தும் ஒரு பந்து எடுக்கப்படுகிறது' என்ற கணக்கில் பலர் பகடையையே மறந்துவிட்டு நேராகப் பந்துக்குப் போய்விடுவார்கள். பகடை ஒரு படிநிலை, பந்து இன்னொன்று.

அதே வரியில் இன்னொரு குறிப்பையும் எழுதிக்கொள்ளுங்கள்: எடுத்தது திரும்பப் பைக்குள் போகிறதா, இல்லையா? பின்னங்கள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைப் பொறுத்துத்தான் இருக்கின்றன. 'ஒரே சமயத்தில் இரண்டு பந்துகள்' என்று கேட்டால் மரம் போட முடியாதோ என்று சிலர் தயங்குவார்கள். தாராளமாகப் போடலாம். இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று என்று நினைத்துக்கொள்ளுங்கள். இடது கைப் பந்து முதல் அடுக்கு, வலது கைப் பந்து இரண்டாம் அடுக்கு. திரும்ப வைக்காமல் எடுப்பதும் இதுவும் ஒன்றே.

3. முதலில் கிளைகள் மட்டும்

இந்த நிலையில் ஒரு எண்கூட எழுத வேண்டாம். ஒவ்வொரு கிளையின் முனையிலும் விளைவின் பெயர் மட்டும்: சி, நீ.

பந்துக்கு ஒரு கிளை வேண்டாம், வகைக்கு ஒரு கிளை போதும். எட்டுப் பந்துக்கு எட்டுக் கிளை போட்டால் இரண்டாம் அடுக்கில் 56 கிளைகள் நெருக்கியடிக்கும். சிவப்பு எல்லாம் ஒரே கிளை, நீலம் எல்லாம் ஒரே கிளை. எத்தனை சிவப்பு இருக்கிறது என்பதைப் பின்னம் பார்த்துக்கொள்ளும்.

பகடைக் கணக்கிலும் இதே யோசனைதான். ஆறு விழுவதைப் பற்றித்தான் கேள்வி என்றால் 'ஆறு', 'ஆறு அல்ல' என்று இரண்டே கிளைகள். கேள்விக்குத் தேவையில்லாத வேறுபாட்டை மரத்தில் காட்டக் கூடாது.

தாளில் இடம் ஒதுக்குவதற்கு ஒரு வழி சொல்கிறேன். கடைசி அடுக்கில் எத்தனை நுனிகள் வரும் என்று முதலில் எண்ணுங்கள். இரண்டு படிநிலை, ஒவ்வொன்றிலும் இரண்டு கிளை என்றால் நான்கு நுனி. தாளின் வலது பக்கத்தில் நுனிக்கு இரண்டு வரி வீதம் இடம் விட்டு, நான்கு புள்ளிகளை மேலிருந்து கீழாக வைத்துவிடுங்கள். அப்புறம் இடது பக்கத்திலிருந்து கிளைகளை இழுத்து அவற்றோடு சேருங்கள். இடப்பக்கத்திலிருந்து மனம்போன போக்கில் வரைந்தால் மூன்றாம் அடுக்கில் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எந்தப் பின்னம் எந்தக் கோட்டுக்கு என்றே தெரியாமல் போகும். கணக்கு தெரிந்தவர்களும் இதனால் தவறு செய்கிறார்கள்.

4. பின்னங்களை எழுதுவது

அவசரப்படக் கூடாத இடம் இது.

முதல் அடுக்கு சுலபம்: சி கிளையில் 5/8, நீ கிளையில் 3/8. இரண்டாம் அடுக்குக்குப் போகும்போது ஒவ்வொரு முனையிலும் நின்று ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த இடத்துக்கு வந்துவிட்டேன், இப்போது பையில் என்ன இருக்கிறது? விடையை அந்த முனைக்குப் பக்கத்திலேயே சின்னதாக எழுதுங்கள். மேல் முனையில் '4 சி, 3 நீ'. கீழ் முனையில் '5 சி, 2 நீ'. இந்தக் குறிப்பு இருந்தால் பின்னம் தானாக வரும்: மேலே 4/7, 3/7, கீழே 5/7, 2/7.

குறிப்பு எழுதாமல் மனக்கணக்காகப் போனால் வரும் தவறுகள் எப்போதும் ஒரே மாதிரிதான். பகுதியைக் குறைக்க மறந்து 4/8 என்று எழுதுவது ஒன்று. சிவப்பு எடுத்த பிறகு நீலத்தையும் சேர்த்துக் குறைத்து 2/7 என்று எழுதுவது இன்னொன்று. மூன்றாவது, மேல் முனைக்குச் சரியாக எழுதிவிட்டு அதே பின்னங்களைக் கீழ் முனைக்கும் அப்படியே நகலெடுப்பது. இரண்டு முனைகளிலும் பை ஒன்றல்ல. அதனால் பின்னங்களும் ஒன்றல்ல.

இன்னும் ஆழமான ஒரு தவறும் உண்டு. இரண்டாம் அடுக்குக் கிளையில் 20/56 போன்ற பெருக்கிய விடையை எழுதிவிட்டு, பிறகு அதையே மறுபடியும் 5/8-ஆல் பெருக்குவார்கள். இரண்டாம் அடுக்குக் கிளையில் எழுதும் எண், முதல் அடுக்கில் இன்னது நடந்துவிட்டது என்று வைத்துக்கொண்ட நிகழ்தகவு. நிபந்தனை நிகழ்தகவு என்று மேல் வகுப்பில் வருவது இதுவேதான். பெருக்கற்பலனுக்கு இடம் கிளை அல்ல, நுனிக்கு வலப்பக்கம்.

எழுதியதும் ஒரு சோதனை: ஒரே முனையிலிருந்து பிரியும் கிளைகளைக் கூட்டினால் 1 வர வேண்டும். 4/7 + 3/7 = 1. மேலே சொன்ன 4/8, 2/7 இரண்டும் இந்தச் சோதனையிலேயே மாட்டிக்கொள்ளும். நகலெடுத்த பின்னங்கள் மட்டும் மாட்டாது. அதைப் பிடிக்க முனைக் குறிப்புதான் வழி.

எடுத்த பந்தைத் திரும்ப வைத்தால் என்ன ஆகும்? எந்த முனையிலும் பை பழையபடி '5 சி, 3 நீ' ஆகிவிடும். இரண்டாம் அடுக்கிலும் 5/8, 3/8 தான். இரண்டு எடுப்புகளும் சாரா நிகழ்ச்சிகள், அதாவது ஒன்று மற்றதைப் பாதிக்காதவை, என்பதன் பொருள் மரத்தில் இப்படித்தான் தெரியும்: எல்லா முனைகளிலும் ஒரே பின்னங்கள்.

5. நுனி வரை பெருக்குங்கள், ஆனால் சுருக்காதீர்கள்

ஒவ்வொரு பாதையிலும் உள்ள பின்னங்களைப் பெருக்கி நுனிக்கு எதிரே எழுதுங்கள்.

சி, சி: 5/8 × 4/7 = 20/56
சி, நீ: 5/8 × 3/7 = 15/56
நீ, சி: 3/8 × 5/7 = 15/56
நீ, நீ: 3/8 × 2/7 = 6/56

ஏன் பெருக்க வேண்டும்? இந்தச் சோதனையை 56 முறை செய்வதாக நினையுங்கள். சராசரியாக அதில் 5/8 பங்கு, அதாவது 35 முறை, முதல் பந்து சிவப்பாக வரும். அந்த 35 முறையில் 4/7 பங்கு, அதாவது 20 முறை, இரண்டாவதும் சிவப்பாக வரும். 56-இல் 20. பங்கில் பங்கு எடுப்பதால் பெருக்குகிறோம். இதை ஒரு தடவை எண்களாகப் பார்த்துவிட்டவர்கள், பாதையில் கூட்டும் தவறைப் பிறகு செய்வதில்லை.

20/56-ஐப் பார்த்ததும் 5/14 என்று சுருக்கக் கை பரபரக்கும். விட்டுவிடுங்கள். 5/14, 15/56, 15/56, 3/28 என்று நான்கு நுனிகள் இருந்தால் சரிபார்ப்பதற்கே இன்னொரு கணக்குப் போட வேண்டும். பகுதி எல்லாம் 56 ஆக இருந்தால் 20 + 15 + 15 + 6 = 56 என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எல்லா நுனிகளின் கூட்டுத்தொகை 1. அது வரவில்லை என்றால் மேலே போகாதீர்கள், தவறு மரத்துக்குள்ளேயே இருக்கிறது. சுருக்குவது கடைசி விடையில் மட்டும்.

6. இப்போதுதான் கேள்விக்குத் திரும்ப வேண்டும்

கிளைகளின் வகைகளை முடிவு செய்த பிறகு, இதுவரை கேள்வி என்ன என்பதே தேவைப்படவில்லை, கவனித்தீர்களா? மரம் சோதனையைக் காட்டுவது. கேள்வி அதிலிருந்து சில நுனிகளைத் தேர்ந்தெடுப்பது. இரண்டையும் கலந்தால்தான் 'தேவையான கிளையை மட்டும் வரைகிறேன்' என்று தொடங்கிப் பாதியை விட்டுவிடுவார்கள்.

நிறத்துக்கு ஒன்று என்பதற்குப் பொருந்தும் நுனிகளுக்கு டிக் போடுங்கள்: 'சி, நீ', 'நீ, சி'. இரண்டையும் கூட்டுங்கள்: 15/56 + 15/56 = 30/56 = 15/28.

இங்கே கூட்டக் காரணம், ஒரே சோதனையில் இரண்டு நுனிகளுக்கும் போய்ச்சேர முடியாது என்பதே. ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளுக்குக் கூட்டல். ஆக, பாதையோடு போனால் பெருக்கல், நுனிக்கு நுனி போனால் கூட்டல்.

இந்தக் கட்டத்தில் அதிகம் நடப்பது 'நீ, சி' என்ற பாதையை மறந்து 15/56 என்று நிறுத்துவது. 'ஒன்று சிவப்பு, ஒன்று நீலம்' என்று கேள்வியை மனதுக்குள் சொல்லிக்கொள்ளும்போது சிவப்பு முதலில் வருவதால், அதுதான் முதலில் எடுக்கப்பட்டது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. கேள்வி வரிசையைச் சொல்லாதபோது எல்லா வரிசைகளும் கணக்கில் சேரும்.

மரம் கையில் இருக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். இரண்டாம் பந்து சிவப்பாக இருப்பதற்கான நிகழ்தகவு எவ்வளவு? 'சி, சி', 'நீ, சி' இரண்டையும் கூட்டினால் 35/56, அதாவது 5/8. முதல் பந்துக்கு இருந்த அதே எண். முதல் பந்தின் நிறம் நமக்குத் தெரியாதவரை இரண்டாம் பந்துக்கு எந்தச் சலுகையும் இல்லை, எந்தக் குறையும் இல்லை. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

7. 'குறைந்தது ஒன்று' என்று வந்தால்

ஒரு பகடை மூன்று முறை உருட்டப்படுகிறது. குறைந்தது ஒரு முறையாவது ஆறு விழ நிகழ்தகவு என்ன?

மூன்று அடுக்கு, எட்டு நுனிகள். அவற்றில் ஏழு நுனிகளுக்கு டிக் விழும். ஏழையும் கூட்டலாம், தவறில்லை. ஆனால் டிக் இல்லாத அந்த ஒரே நுனியைப் பிடிப்பது சுலபம்: ஒரு முறைகூட ஆறு இல்லை. 5/6 × 5/6 × 5/6 = 125/216. விடை 1 − 125/216 = 91/216.

குறுக்குவழி என்று நினைத்து 1/6-ஐ மூன்று முறை கூட்டி 1/2 என்று எழுதுவோர் நிறைய. அதே வழியில் ஆறு முறை உருட்டினால் நிகழ்தகவு 1 வந்துவிடும், ஆறு கட்டாயம் விழும் என்றாகிவிடும். ஆறு முறை உருட்டியும் ஆறே விழாமல் போவது சாதாரணமாக நடப்பதுதானே.

நிரப்பு நிகழ்ச்சியை எழுதும்போது நிதானம் வேண்டும். 'இரண்டும் சிவப்பு' என்பதற்கு நிரப்பு 'இரண்டும் நீலம்' அல்ல. 'ஒன்றாவது நீலம்' என்பதே. சந்தேகம் வந்தால் மரத்தைப் பாருங்கள்: டிக் விழாத நுனிகள் எல்லாம் சேர்ந்ததுதான் நிரப்பு.

8. பாதியில் நிற்கும் கிளைகள்

எல்லாப் பாதைகளும் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அ, ஆ என்ற இருவர் விளையாடுகிறார்கள். யார் முதலில் இரண்டு ஆட்டங்களை வெல்கிறாரோ அவருக்கே போட்டி. ஒவ்வொரு ஆட்டத்திலும் அ வெல்ல நிகழ்தகவு 3/5.

'அ, அ' என்று வந்ததுமே போட்டி முடிந்துவிட்டது. அந்தக் கிளை அங்கேயே நிற்க வேண்டும். 'ஆ, ஆ'வும் அப்படியே. மற்ற இரண்டு முனைகள் மட்டும் மூன்றாம் ஆட்டத்துக்குப் போகும்.

அ, அ: 9/25
அ, ஆ, அ: 18/125
அ, ஆ, ஆ: 12/125
ஆ, அ, அ: 18/125
ஆ, அ, ஆ: 12/125
ஆ, ஆ: 4/25

9/25 என்பது 45/125, 4/25 என்பது 20/125. 45 + 18 + 12 + 18 + 12 + 20 = 125, சரி. அ போட்டியை வெல்ல 45 + 18 + 18, அதாவது 81/125.

ஒவ்வொரு முனையிலும் 'இன்னும் ஆட்டம் இருக்கிறதா?' என்று கேட்டுவிட்டே அடுத்த கிளையை வரையுங்கள்.

9. முனைக்கு முனை பை மாறும் கணக்கு

பகடை 1 அல்லது 2 காட்டினால் முதல் பை (3 சி, 2 நீ), மற்றபடி இரண்டாம் பை (1 சி, 4 நீ). சிவப்பு கிடைக்க நிகழ்தகவு? பாதைகள் 1/3 × 3/5 = 3/15, 2/3 × 1/5 = 2/15. கூட்டினால் 5/15, அதாவது 1/3. இரண்டு பைகளையும் ஒன்றாகக் கொட்டி 4/10 என்று எழுதினால் தவறு, ஏனென்றால் இரண்டாம் பைக்குப் போகும் வாய்ப்பு இரட்டிப்பு.

10. பின்னோக்கிக் கேட்கும் கேள்வி

முடிவைச் சொல்லிவிட்டு, எந்த வழியாக வந்தது என்று கேட்பார்கள். முதல் இயந்திரம் 60% பல்புகளைச் செய்கிறது, அதில் 2% பழுது. இரண்டாம் இயந்திரம் 40% செய்கிறது, அதில் 5% பழுது. ஒரு பல்பு பழுதாக இருக்கிறது. அது இரண்டாம் இயந்திரத்தில் செய்யப்பட்டதாக இருக்க நிகழ்தகவு என்ன?

மரத்தைத் திருப்பிப் போட வேண்டாம். நடந்த வரிசையிலேயே போடுங்கள்: முதலில் இயந்திரம், பிறகு பழுதா நல்லதா. இந்த வகைக்கு மட்டும் பின்னத்துக்குப் பதிலாக 1000 பல்புகளை எடுத்துக்கொண்டு கிளைகளில் எண்ணிக்கையை எழுதிப் பாருங்கள். 600-இல் 12 பழுது, 400-இல் 20 பழுது. பழுதானவை மொத்தம் 32. அந்த 32-இல் இரண்டாம் இயந்திரத்தின் பங்கு 20. விடை 20/32, அதாவது 5/8.

'பழுதாக இருக்கிறது' என்று தெரிந்த உடனே நல்ல பல்புகளின் நுனிகளை அடித்துவிட வேண்டும். மிச்சமிருக்கும் நுனிகளின் கூட்டுத்தொகைதான் புதிய பகுதி. இதைச் செய்யாமல் 5% என்றோ, 1000-ஐப் பகுதியாக வைத்து 20/1000 என்றோ எழுதுவதுதான் வழக்கமான தவறு. இப்படிப் பின்னோக்கிக் கேட்கும் கேள்விகளுக்கான பேயிஸ் தேற்றத்தைச் சூத்திரமாகப் படித்தவர்கள்கூட ஒரு முறை இப்படிப் போட்டுப் பார்ப்பது நல்லது. சூத்திரத்தின் மேலே இருப்பது ஒரு நுனி, கீழே இருப்பது அடிக்காமல் மிஞ்சிய எல்லா நுனிகளின் கூட்டல் என்பது கண்ணுக்குத் தெரியும்.

மொத்தப் பழுது 32/1000, அதாவது 3.2%. இது 2-க்கும் 5-க்கும் நடுவில், 2-க்குச் சற்று அருகில் இருக்கிறது. முதல் இயந்திரம் அதிகம் செய்வதால் அப்படித்தான் இருக்க வேண்டும். 7% என்றோ 3.5% என்றோ வந்தால், எந்த இயந்திரம் எவ்வளவு செய்கிறது என்பதைப் பார்க்காமல் கூட்டிவிட்டீர்கள் அல்லது சராசரி எடுத்துவிட்டீர்கள் என்று பொருள்.

11. n வந்தாலும் அதே மரம்தான்

n பந்துகளில் 4 சிவப்பு. திரும்ப வைக்காமல் எடுத்த இரண்டும் சிவப்பாக இருக்க நிகழ்தகவு 1/6. n எவ்வளவு?

முனைக் குறிப்பை எழுத்தில் எழுதுங்கள்: மொத்தம் n − 1, அதில் சிவப்பு 3. பாதை: 4/n × 3/(n − 1) = 1/6. ஆகவே n(n − 1) = 72, n = 9. இன்னொரு தீர்வான −8 பந்துகளின் எண்ணிக்கையாக இருக்க முடியாது. இதை விடையில் ஒரு வரியாக எழுதியே நீக்குங்கள்.

12. மரம் வேண்டாத இடங்கள்

இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை 8 என்பது போன்ற கேள்விக்கு 6 × 6 கட்டம் போடுவது வேகமானது. 36-இல் 5 என்று எண்ணிவிடலாம். ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் 1024 நுனிகள் வரும், அதற்கும் மரம் ஆகாது. ஒவ்வொரு அடுக்கிலும் அதே பின்னங்கள் திரும்பத் திரும்ப வந்தால், ஒரு பாதையை மட்டும் வரைந்து, அது போன்ற பாதைகள் எத்தனை என்று எண்ணிப் பெருக்கினால் போதும். ஐந்து உருட்டலில் சரியாக இரண்டு ஆறுகள் என்றால், பாதைகள் 10, ஒவ்வொன்றும் 125/7776. ஆக 1250/7776.

கடைசியாக, நீங்களே போட்டுப் பார்க்க ஒன்று. பையில் 4 பச்சை, 2 மஞ்சள். பச்சை வரும்வரை, திரும்ப வைக்காமல் ஒவ்வொன்றாக எடுக்கிறீர்கள். மரத்தில் மூன்று நுனிகள்தான் வர வேண்டும்: 20/30, 8/30, 2/30. மூன்றாம் எடுப்பில் ஒரே ஒரு கிளைதான் இருக்கும். மஞ்சள் தீர்ந்துவிட்டதால் அந்தக் கிளையின் நிகழ்தகவு 1. அங்கே 4/4 என்று எழுதத் தயங்க வேண்டாம்.